எழுதியவர் அக்கா, எழுந்து நின்றவள் நான்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும், சிட்லபாக்கம் கவிதை விழா நண்பர்களுக்கும், வர இயலாமல் தபாலில் இந்த மலரைப் பெறுகிறவர்களுக்கும் என் வணக்கம். முதல் பக்கத்தில் அக்காவின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் அவர் சிரிப்பது போட்டோக்காரரைப் பார்த்து அல்ல. பக்கத்தில் நின்று, "முந்தானையை இழுத்து விடு, எத்தனை தடவை சொல்றது" என்று கத்திக்கொண்டிருந்த என்னைப் பார்த்து.

எனக்கு எழுத வராது. முப்பது வருடத்துக்கு மேல் தபால் நிலையக் கவுன்ட்டரில் உட்கார்ந்து, "ஃபாரத்தைச் சரியா நிரப்புங்க", "அடுத்தது" என்று சொல்லியே ஓய்வு பெற்றவள் நான். ஆனால் உங்களில் பலர் என்னைக் கவிஞர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதம்கூட மேடவாக்கத்தில் காய்கறிக் கடையில் ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அந்தக் கவிதையை மறக்கவே முடியலைங்க" என்றார். கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தத் தப்பைத் திருத்துவதற்காகத்தான் இந்தக் கட்டுரையை நானே எழுதுவேன் என்று அடம்பிடித்தேன். விழாக் குழுவில் இருக்கும் தாமோதரன் சாரிடம் கொடுத்தால் அழகாக எழுதித் தருவார் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அழகாக எழுதுவார், உண்மை தெரியாதே! ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள். முறைப்படி பிறப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா பிறந்தது மேற்குத் தாம்பரத்தில், ரயில்வே குடியிருப்பில். அப்பா ஃபிட்டர். ஐந்து வருடம் கழித்து நான் பிறந்தேன். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அக்காவுக்குக் கல்லூரிக்குப் போக ஆசை. விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தார். அதை எடுத்து அரிசி டின்னுக்கு அடியில் விரித்துவிட்டு, தாம்பரம் சானடோரியம் பகுதியில் ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் சேர்ந்ததால்தான் நான் படித்தேன், பரீட்சை எழுதினேன், அரசு வேலை பார்த்தேன். இதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. காட்டியிருந்தால் எனக்குப் பதில் பேசுவதற்காவது வசதியாக இருந்திருக்கும்.

கம்பெனியில் அவருக்கு 'செக்கிங்' வேலை. தைத்து வரும் சட்டையை விளக்கு வெளிச்சத்தில் விரித்து, நூல் பிரிந்திருக்கிறதா, பட்டன் கோணியிருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவிட வேண்டும். அக்காவின் கண்ணுக்குத் தப்பி ஒரு சட்டை கப்பல் ஏறியதில்லை என்று அவருடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். தள்ளிய சட்டையைத் தைத்த பெண் அழுதால் அன்றைக்கு அக்கா சாப்பிட மாட்டார். மறுநாளும் தள்ளத்தான் செய்வார்.

அக்காவைக் கட்டிய மாமா மாநகரப் பேருந்தில் நடத்துநர். தங்கமான மனிதர். கவியரங்கம் என்றால் அவருக்கு உயிர். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, எங்கே நடந்தாலும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்காக யாராவது இரக்கப்பட்டால், "எங்களுக்கு நேரம் நிறைய இருக்கு, நீங்க இரக்கப்படுற நேரத்தில் ஒரு வேலையைப் பாருங்க" என்று மாமா சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். மாமாவும் நாற்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அக்கா தனியாகக் கவியரங்கங்களுக்குப் போகத் தொடங்கினார். அம்மா அப்போது சிட்லபாக்கத்தில் அக்காவோடுதான் இருந்தார்.

தனியாகப் போனதில்தான் அக்காவுக்கு ஒரு விஷயம் உறைத்தது. வருகிற கவிஞர்கள் தங்கள் கவிதையை வாசிக்கிறார்கள், கைதட்டு வாங்குகிறார்கள், பின்பக்கமாக நழுவி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒருமுறை கடைசியாக வாசித்தவர் கீழ்க்கட்டளையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் இஸ்மாயில் பாய். அவர் வாசித்தபோது கூடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர். அக்கா, மைக் செட்காரர், நாற்காலி அடுக்க வந்தவர். பாய் முழுக் கவிதையையும் மூன்று பேருக்காக வாசித்தார். கீழே இறங்கி வந்தவரிடம் அக்கா கேட்டாராம்:

"ஏன் பாய், எல்லாரும் அவங்கவங்க கவிதையைப் படிச்சாத்தானே ஓடிப் போறாங்க? அடுத்தவங்க கவிதையைப் படிக்க வெச்சா?"

"அப்புறம் எங்கம்மா ஓடறது! நம்ம சரக்கு எவன் கையில மாட்டிக்கினு இன்னா பாடு படுதோன்னு உக்காந்து பாத்துக்கினே இருக்க வேண்டியதுதான்" என்றார் பாய்.

அங்கேயே, நாற்காலிகளுக்கு நடுவே, விழா பிறந்துவிட்டது. தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற தாமோதரன் சாரும், செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற ஸ்டெல்லா அக்காவும் வந்து சேர்ந்துகொண்டார்கள். இந்த நான்கு பேர்தான் விழாக் குழு. தலைவர், செயலாளர் என்று பட்டம் எதுவும் கிடையாது. பொன்னாடை கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது. ஒருமுறை ஒரு பிரமுகர் தலைமை தாங்க வருவதாகச் சொல்லி அனுப்பியபோது, "வரட்டும், ஒரு கவிதை எழுதி எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க" என்று அக்கா பதில் அனுப்பினார். அவர் வரவில்லை.

நடைமுறையைத் தெரியாத உறவினர்களுக்காகச் சொல்கிறேன். பொங்கல் முடிந்த பிறகு வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமுதாயக் கூடத்தில், காலை ஒன்பது மணிக்கு விழா. ஒரு வாரம் முன்பே எல்லோரும் ஆளுக்கொரு கவிதை கொடுத்துவிட வேண்டும். அத்தனையையும் அக்கா தன் கையால் அரைத்தாளில் படி எடுப்பார். எழுத்தைப் பார்த்து யார் எழுதியது என்று ஒருவரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக. படி எடுத்த தாள்களை நான்காக மடித்து, எங்கள் வீட்டு இட்லிப் பானையில் போட்டு, அதை மேடையில் வைப்பார். ஒவ்வொருவராக வந்து ஒரு தாளை எடுத்து, யாரோ எழுதியதைத் தன்னுடையதாக நினைத்து வாசிக்க வேண்டும். வாசித்து முடிந்ததும் அக்கா மைக்கில், "எழுதினவங்க விருப்பம் இருந்தா எழுந்திருக்கலாம்" என்பார். எழுந்தால் கைதட்டு. எழாவிட்டாலும் கைதட்டு. அடுத்தது.

எவ்வளவு மோசமான கவிதையாக இருந்தாலும் அக்கா ஓர் எழுத்தை மாற்ற மாட்டார். "முப்பது வருஷம் ரிஜெக்ட் பண்ணியாச்சு. இங்க ஒண்ணையும் தள்ள மாட்டேன்" என்பார். தன்னைப் பற்றித் தானே பதினான்கு பக்கம் எழுதிக் கொடுத்த ஒருவருக்கும் அக்கா பதினான்கு பக்கமும் படி எடுத்தார். அது ஒரு பிளம்பர் தம்பியின் கையில் சிக்கியது. நான்காம் பக்கத்தில் அவர் நிமிர்ந்து, "இன்னாம்மா இது, முடியவே மாட்டேங்குது. எழுதினவரு தயவு பண்ணி எழுந்துக்குங்க, நான் உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். கூடமே சிரித்தது. எழுதியவரும் சிரித்துவிட்டார், வேறு வழியில்லை.

ஆனால் எல்லாம் சிரிப்பு அல்ல. ஒரு வணிக வளாகத்தில் கழிவறை சுத்தம் செய்யும் பெண் எழுதியதைப் பெரிய பதவியில் இருந்த ஒருவர் வாசித்தார். 'நான் குனியும்போது நீங்கள் கால் தூக்கிக்கொள்கிறீர்கள், மன்னிப்பு மட்டும் யாரும் கேட்பதில்லை' என்ற வரியை அவர் இரண்டாம் முறையும் வாசித்தார். கோவளத்தில் மீன் விற்கும் வள்ளியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "படிக்கத் தெரியாதவங்க எடுக்கக் கூடாதுன்னு சட்டமா?" என்று அக்கா அவரையும் பானையில் கைவிடச் சொன்னார். பிறகு வரி வரியாக அவர் காதில் சொல்ல, அவர் மைக்கில் ஓங்கிச் சொன்னார். மீன் ஏலம் போட்ட குரல் அல்லவா, மைக் இல்லாமலே ஏரிக்கரை வரை கேட்டிருக்கும்.

விழா தொடங்கிய காலத்தில் நான் அந்தப் பக்கமே போனதில்லை. கவிதைக்கும் எனக்கும் ஆகாது. பிறகு அக்காவுக்கும் எனக்குமே ஆகாமல் போனது. இதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்திருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. தெரிய வந்தபோது மருத்துவர்கள் கையை விரித்துவிட்டார்கள். அம்மா இறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், சித்தப்பா, பெரியம்மா, அக்கம்பக்கத்தார் எல்லோரும் நிற்க, நான் அக்காவைப் பார்த்துக் கத்தினேன். "ஒரே வீட்ல இருந்தியே, கண்ணு தெரியலையா? கப்பல்ல போற சட்டையில நூல் பிரிஞ்சா கண்டுபிடிப்ப, பெத்தவளைப் பாக்க மாட்டியா?" என்றேன். உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள். உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு அது நினைவில்லாத நாள் இல்லை.

அதன் பிறகு ஒன்றரை வருடம் நான் அக்காவோடு பேசவில்லை. ஒரு நாள் கவுன்ட்டரில் தலைநிமிராமல் "அடுத்தது" என்றேன். "ஒரு போஸ்ட் கார்டு கொடுங்க மேடம்" என்றது குரல். அக்கா! வரிசையில் நின்று வந்திருக்கிறார். அட்டையை வாங்கி, அங்கேயே பசை மேசையில் வைத்து எழுதி, பெட்டியில் போடாமல் என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். 'ஞாயிற்றுக்கிழமை விழா. டீ கவுன்ட்டரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.' அவ்வளவுதான் எழுதியிருந்தார். நான் போனேன். அன்றிலிருந்து விழாவின் டீக்கு நானே பொறுப்பு. வாசிப்பு நடக்கும்போது டம்ளர் சத்தம் கேட்டால் யாரையும் விட மாட்டேன். பாய் எனக்கு 'டெபுடி தாசில்தார்' என்று பெயர் வைத்தார்.

இப்போது சொல்ல வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

மூன்று விழாக்களுக்கு முன்பு. அன்று காலை எட்டு மணிக்குக் கீழ்க்கட்டளையில் இருக்கும் என் வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் இட்லிப் பானை. பாதித் தாள்கள் பானையில், மீதி மேசை முழுக்க மடித்தபடி பரவிக் கிடந்தன. ஒரே ஒரு தாள் மட்டும் தண்ணீர்ச் செம்புக்கு அடியில் இருந்தது. காற்றில் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். வாசலில் பாய் வண்டியோடு நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல். எல்லாவற்றையும் அள்ளிப் பானைக்குள் போட்டு மூடினேன். செம்புக்கு அடியில் இருந்ததையும்தான்.

அக்கா தலையைத் துவட்டிக்கொண்டே வந்து மேசையைப் பார்த்தார். "செம்புக்கு அடியில ஒண்ணு இருந்துச்சே?"

"எல்லாத்தையும் போட்டாச்சு. நீ இன்னும் புடவையே கட்டலை, பாய் எவ்ளோ நேரம் நிப்பாரு? கிளம்பு கிளம்பு!"

அக்காவின் முகம் வெளுத்தது. பசி மயக்கம் என்று நினைத்து ஒரு இட்லியைத் திணித்தேன். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். இட்லி வாயில் இருந்ததால் என்று நினைத்தேன். அறிவு கெட்டவள் நான்.

விழா நன்றாகத்தான் நடந்தது. பதினொரு மணிக்கு மேல் பாயின் முறை வந்தது. பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். அக்கா வழக்கமாகப் பார்வையாளர்களைத்தான் பார்ப்பார். அன்று பாயின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய் தன் கனத்த குரலில் வாசிக்க ஆரம்பித்தார். சிலர் அதை முன்பே படித்திருப்பீர்கள். இருந்தாலும் சரியாக இங்கே தருகிறேன்.

உன்கிட்ட நேர்ல சொல்ல தைரியம் இல்ல.
கத்துவ.
நீ கத்துறதுகூட பரவாயில்ல.
கத்தி முடிச்சிட்டு ஒரு மூலையில
உக்காந்து அழுவ பாரு,
அதைத்தான் என்னால பாக்க முடியாது.
இடது பக்கம் ஒரு கட்டி.
அம்மாவுக்கு இருந்த அதே இடம்.
ரெண்டு மாசமா தெரியும்.
விழா முடியட்டும்னு இருந்தேன்னு
சொல்லிக்கலாம்.
பொய்.
பயம்டி.
அம்மா எதுக்கு மறைச்சாங்கன்னு
இப்பதான் தெரியுது.
டாக்டர்கிட்ட போகணும்.
என்கூட வா.
திட்டாம வா.
முடியலையா,
திட்டிக்கிட்டேயாவது வா.

வருடக்கணக்காகச் சின்னத் தாளில் அடுத்தவர் கவிதைகளையே எழுதி எழுதி, அக்காவுக்குக் கடிதமும் உடைந்த வரிகளாகவே வந்திருக்கிறது. பாய்க்குச் சந்தேகம் வர வழியில்லை. எல்லாத் தாள்களிலும் இருப்பது அக்காவின் எழுத்துத்தானே!

'அம்மாவுக்கு இருந்த அதே இடம்' என்ற வரியில், டீ கவுன்ட்டரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த என் கையில் இருந்த டீ வடிகட்டி கீழே விழுந்தது. பாய் வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அக்கா மைக்கைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"எழுதினவங்க விருப்பம் இருந்தா எழுந்திருக்கலாம்."

நான் எழுந்துவிட்டேன்.

ஏன் எழுந்தேன் என்று கேட்டால், அக்காவிடம் ஓட வேண்டும் என்று எழுந்தேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கூடத்தில் அந்த நேரத்தில் எழுந்தால் அதற்கு ஒரே பொருள்தான். முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்துக் கைதட்டத் தொடங்க, மொத்தக் கூடமும் தட்டியது. சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். "மாஷா அல்லாஹ்! நம்ம டெபுடி தாசில்தாரா எழுதினது! இத்தினி நாளா டீ ஊத்திக்கினு கம்முனு இருந்துட்டியேம்மா!" என்று பாய் மைக்கிலேயே கத்தினார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார்:

"ஆமா. என் தங்கச்சிதான். அடுத்தது."

அதற்குப் பிறகு பன்னிரண்டு கவிதைகள். பன்னிரண்டையும் அக்கா நின்றபடி நடத்தி முடித்தார். நான் டீ கவுன்ட்டரில் வெறும் டம்ளர்களை அடுக்கிக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்கா மட்டும் மெதுவாக வந்து, "கட்டி உனக்காம்மா? எங்கிட்ட சொல்லு" என்று கேட்டார். "இல்லக்கா, சும்மா எழுதினேன்" என்றேன். வாழ்க்கையில் நான் சத்தம் போடாமல் பேசிய முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அக்கா சுவரோரம் நின்றுகொண்டு, "சரி, கத்து" என்றார்.

எனக்குக் கத்த வரவில்லை. "பிரிச்சுப் பாத்து எடுத்திருக்கலாமே, ஏன் விட்ட?" என்று மட்டும் கேட்டேன்.

"பானையில விழுந்தது விழுந்ததுதான்னு ஊருக்கெல்லாம் நான் சொல்லிட்டு, நானே கையை விட்டுத் துழாவவா?" என்றார். பிறகு சிரித்தார். "நீ எழுந்திருச்சதும் கத்தப் போறேன்னு நெனச்சு நடுங்கிட்டேன்டி. நல்லவேளை, கைதட்டி உன் வாயை அடைச்சாங்க."

மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். திட்டாமல்தான் போனேன்.

அறுவை சிகிச்சை, மருந்து, கதிர் சிகிச்சை என்று அக்கா பட்ட பாட்டை இங்கே வரிசையாக எழுத எனக்கு மனமில்லை. விஷயம் வெளியே தெரிந்ததும் விழாக்காரர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? அக்காவின் நோயை முன்பே அறிந்துகொண்ட தங்கை, அக்காவின் மனதுக்குள் புகுந்து அந்தக் கவிதையை எழுதியிருக்கிறாள் என்று! பாராட்டு இன்னும் கூடிவிட்டது. விழாவின் தொகுப்பில் முதல் கவிதையாக என் பெயரோடு அச்சிட்டார்கள். நான் உண்மையைச் சொல்லப் போனேன். அக்கா விடவில்லை. "சொன்னின்னா நாளையிலிருந்து யாரும் என்கிட்ட கவிதை கொடுக்க மாட்டாங்க. ஆப்பிள் வாங்கிக்கிட்டு வருவாங்க. எனக்கு ஆப்பிள் புடிக்காது. நான் போனப்புறம் சொல்லிக்க" என்றார். அவர் கட்டளைப்படிதான் இன்று சொல்கிறேன்.

அதற்கு அடுத்த விழாவில் அக்கா தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழுவதையும் நடத்தினார். அதற்கும் அடுத்த விழா நெருங்கியபோது அவரால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. நோய் எலும்புக்குப் போயிருந்தது. விழாவை நிறுத்திவிடலாமா என்று தாமோதரன் சார் தயங்கித் தயங்கிக் கேட்டார். அக்கா என்னைக் கைகாட்டிவிட்டார். அந்த வருடம் அத்தனை கவிதைகளையும் நான்தான் படி எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, என்ன வேலை அது! மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒவ்வொன்றையும் எழுதும்போது, இப்படியா எழுதுவார்கள் என்று கை பரபரக்கும். ஒரே ஒரு கவிதையில், யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு வரியை மாற்றிக் கொஞ்சம் அழகாக்கிவிட்டேன். அக்கா படுத்தபடியே தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தத் தாளில் நின்றார்.

"இந்த வரி அவரு எழுதினது இல்ல. நீ எழுதினது. வேற தாள் எடு."

மூலத்தைப் பார்க்காமலே சொன்னார். சட்டை செக்கிங் கண் கடைசி வரை போகவில்லை.

விழா நாளன்று அக்கா வரவில்லை. பாய் மைக் பிடித்தார், ஸ்டெல்லா அக்கா பானையைப் பார்த்துக்கொண்டார், தாமோதரன் சார் டீ ஊற்றினார். நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் காதருகே பிடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கவிதை முடிந்ததும் அக்காவின் உதடு அசையும். எழுந்திருக்கச் சொல்கிறார் என்று எனக்குப் புரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு வருடத்தில் நான் அக்காவிடம் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. என்மேல் இருந்த பயத்தால்தானே அவர் இரண்டு மாதம் சொல்லாமல் இருந்தார் என்ற உறுத்தல். அந்த இரண்டு மாதம் வீணாகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, மருத்துவர்களிடம் கேட்கவே எனக்குத் துணிவில்லை. என் வீட்டுக்காரரே, "ஏதாவது ஒண்ணு சொல்லேன், வீடு ஒரு மாதிரி இருக்கு" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசி வாரத்தில் ஒரு நாள் மதியம் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"என்னடி, நான் அவ்ளோ மோசமாவா இருக்கேன்?"

"ஏன்க்கா?"

"நீ கத்தவே மாட்டேங்குற. பயமா இருக்கு."

நான் அவர் தலையணையைச் சரிசெய்யத் தூக்கினேன். அடியில் மூன்று நாள் மாத்திரைகள்! விழுங்காமல் ஒளித்து வைத்திருக்கிறார். இரண்டு வருடம் அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வெளியே வந்துவிட்டது. "அறிவிருக்கா உனக்கு? பள்ளிக்கூடத்துப் புள்ளையா நீ? மாத்திரையை ஒளிச்சு வெக்கற வயசா இது? நான் எதுக்கு இங்க உக்காந்துக்கிட்டு இருக்கேன், பூப் பறிக்கவா?" எதிர் வீட்டிலிருந்து ஆள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கி நிறுத்தியதும், "அப்பாடா. இப்பதான் நம்ம வீடு மாதிரி இருக்கு" என்றார். மாத்திரையை விழுங்கினார். நான் சமையலறை மூலையில் போய் உட்கார்ந்து அழுதேன். எழுந்து வர முடியாதவர் அறையிலிருந்தே, "அழாதடி, இங்க வந்து திட்டு" என்று கூப்பிட்டார்.

நான்கு நாள் கழித்து, காலையில் காபி கேட்டு, நான் போட்டு எடுத்து வருவதற்குள் அக்கா போய்விட்டார்.

நன்றி சொல்லாமல் முடித்தால் அக்கா என்னை மன்னிக்க மாட்டார். இரண்டு வருடம் புண்ணைச் சுத்தம் செய்து கட்டு மாற்றிய ஸ்டெல்லா அக்காவுக்கு நன்றி என்ற சொல் போதாது. சிகிச்சைக்குப் போன ஒவ்வொரு முறையும் கடையை மூடிவிட்டு வண்டி ஓட்டிய இஸ்மாயில் பாய்க்கும், அக்காவின் வாய்க்கு வேறு எதுவும் பிடிக்காத நாட்களில் கஞ்சி கொடுத்தனுப்பிய அவர் வீட்டம்மாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். மருந்துக் கடை, ஆஸ்பத்திரி வரிசை என்று எனக்கு முன்னால் போய் நின்ற தாமோதரன் சார், கோவளத்திலிருந்து பஸ் ஏறி வந்து அக்காவின் காலைப் பிடித்துவிட்டுப் போன வள்ளியம்மா, வார்டில் அக்காவைக் கவிதை சொல்லச் சொல்லிக் கேட்ட செவிலியர்கள், என் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட சிட்லபாக்கம் அக்கம்பக்கத்தார், சமையலையும் துணியையும் வாய் திறக்காமல் தானே பார்த்துக்கொண்ட என் வீட்டுக்காரர், எல்லோருக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன்.

விழாத் தொகுப்பின் அடுத்த பதிப்பில் முதல் கவிதைக்குக் கீழே இருக்கும் பெயரை மாற்றிவிடும்படி குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். அதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம்.

அன்று அந்தக் கூடத்தில் இருந்த நீங்கள் பலரும் இன்று இங்கே வந்திருக்கிறீர்கள். எழுதியவர் இன்று எழுந்து நிற்க முடியாது. நான் மறுபடியும் அவருக்காக எழுந்து நிற்கிறேன், இந்த முறை உண்மையைச் சொல்லிவிட்டு. அன்று எனக்குத் தட்டினீர்களே, அதை இப்போது என் அக்காவுக்குத் தட்டுங்கள். துக்க வீட்டில் கைதட்டலாமா என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். கேட்டால் கத்துவேன்.